பன்னிரண்டுக்கு எட்டு

ஆதம்பாக்கம்

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பொதுத் திடல் இருக்கிறது. கம்பி வேலி, இரும்புக் கேட், உயரத்தில் இரண்டு விளக்குகள். விடியற்காலையில் வாக்கிங் போகிறவர்கள், ஏழு மணிக்கு மேல் கிரிக்கெட், சாயங்காலமும் கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே நேரத்தில் நான்கு கிரிக்கெட். ஒரு டீமின் பவுண்டரியில் இன்னொரு டீமின் விக்கெட் கீப்பர் குனிந்து நிற்பார். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் நான் இங்கே குடிவந்த பதினேழு வருஷத்தில் அந்தத் திடலின் நடுவில் ஒரு பெண் பிள்ளை நின்று பார்த்ததில்லை. நாங்கள் ஓரத்தில் நடப்போம். பள்ளியில் 'ரிங்' ஆடி மாவட்டப் போட்டி வரை போன நானும் ஓரத்தில் நடக்கிறவள்தான்.

வருஷத்துக்கு ஒரு நாள் எங்களுக்கும் விளையாட்டு உண்டு. பொங்கல் விழா நோட்டீஸில் தெளிவாகவே போட்டிருப்பார்கள். ஆண்களுக்குக் கபடி, கயிறு இழுத்தல், ஸ்லோ சைக்கிள். பெண்களுக்குக் கோலம், மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன். ஒரு வருஷம் கோலத்துக்கு எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. எவர்சில்வர் டப்பா. இன்னும் துவரம்பருப்பு அதில்தான் இருக்கிறது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதிப் போட்டியில் ஈரானை 75-21 என்று நொறுக்கித் தங்கம் வாங்கியது. அணியின் துணைத் தலைவி கார்த்திகா, சென்னைக் கண்ணகி நகர்ப் பெண். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பெரியம்மா, கண்ணகி நகர்னா நம்ம வேளச்சேரி தாண்டித்தானே?"

"ஆமா. பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

"போய்ப் பாக்கலாமா?"

கடலூர்ப் பக்கம் ஒரு வளைகாப்புக்கு வேறு போக வேண்டியிருந்தது. வழியில் எங்கெங்கே பெண் பிள்ளைகள் ஆடுகிறார்களோ அங்கெல்லாம் இறங்கிப் பார்ப்பது என்று முடிவானது. தங்கை மட்டும் முணுமுணுத்தாள். "டென்த் வரப்போகுதுக்கா. நீ வேற ஏத்தி விடாத."

வேளச்சேரி

மழை விட்ட ஒரு நவம்பர் காலை. பறக்கும் ரயில் தூண்களின் அடியில் நேற்றைய தண்ணீர் இன்னும் வடியவில்லை. வேளச்சேரி நீச்சல் வளாகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1995 டிசம்பர்தான் நினைவுக்கு வரும். தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகச் சென்னை தடபுடலாகத் தயாரான வருஷம். அதற்காகத்தான் இந்த வளாகம் வந்தது. பெரிய போட்டி ஒன்று வந்தால்தான் நம்மிடம் பெரிய கட்டடம் வரும். கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. போட்டி முடிந்த பிறகு அது யாருக்கு, எந்த நேரத்தில், எவ்வளவுக்கு என்பதில்தான் நாம் வழுக்குகிறோம்.

நீச்சல் கற்றுக்கொள்ள நானும் ஒரு முறை கிளம்பினேன். இங்கே அல்ல, நகரத்தின் வேறொரு குளத்தில். பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று கேட்டேன். பெருமையாக "இருக்கே மேடம்" என்றார்கள். காலை பத்திலிருந்து பதினொன்று, வார நாட்களில். வேலைக்குப் போகிறவள் வர முடியாது, பள்ளிக்கூடப் பிள்ளை வர முடியாது, சமையல் முடிக்காதவளும் வர முடியாது. அந்த ஒரு மணி நேரமும் குளம் காலியாகக் கிடந்தது. மூன்று மாதம் கழித்து, பெண்கள் வருவதில்லை என்று காரணம் காட்டி அந்த நேரத்தையும் எடுத்துவிட்டார்கள். கணக்குப்படி அவர்கள் செய்தது சரி.

காசு விஷயமும் உண்டு. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. செயற்கைப் புல் பதித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவது, ஆடுகிறவருக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்குவது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளிலேயே அதைத் திரும்பப் பெற்று, இலவசமாகவே இருக்கும் என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் அந்த 120 ரூபாயை ஒரு முறை பெருக்கிப் பார்க்க வேண்டும். தினம் ஒரு மணி நேரம், மாதம் இருபத்தைந்து நாள் என்றால் மூவாயிரம் ரூபாய். மகளிர் உரிமைத் தொகையாக அரசு மாதம் தருவது ஆயிரம். ஒரு அம்மா மூன்று மாதத் தொகையை எடுத்து வைத்தால் மகள் ஒரு மாதம் பந்து உதைக்கலாம். வீட்டில் மகனும் இருந்தால் அந்தப் பணம் யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் நின்றுபோகிறவள் மட்டும் வீட்டுக்கு வீடு ஒருத்தியாகவே இருப்பாள்.

கண்ணகி நகர்

வேளச்சேரியிலிருந்து பஸ். நடத்துநர் இரண்டு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசில்லை. விளையாட்டுத் துறையின் எந்தப் பட்டியலிலும் இது வராது. எனக்கென்னவோ பெண் பிள்ளைகளின் விளையாட்டுக்காகத் தமிழ்நாட்டில் சமீபத்தில் நடந்த பெரிய செலவு இதுதான் என்று தோன்றுகிறது. பயிற்சிக்குப் போக அப்பாவின் பைக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, பஸ்ஸுக்கு இருபது ரூபாய் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

கண்ணகி நகர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் எழும்பியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் பெயர்த்தெடுத்தவர்களைக் குடிசை மாற்று வாரியம் இங்கே கொண்டுவந்து வைத்தது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பழைய வீடுகள் இருநூறு சதுர அடிகூட வராது. 2020-இல் ஓவியர்கள் வந்து சுவர்களில் ஆள் உயரத்துக்குப் பத்து மடங்காக முகங்களை வரைந்தார்கள். அந்த முகங்களின் கன்னத்தில் இப்போது மழைநீர்க் குழாய் இறங்குகிறது, காதோரத்தில் புடவை காய்கிறது.

தெருமுனையில் ஒரு பாட்டி இட்லிக்கு வடகறி ஊற்றிக்கொண்டிருந்தார். வடகறியில் சைதாப்பேட்டைப் பக்குவத்தில் சோம்பு தூக்கலாக இருந்தது.

"சைதாப்பேட்டையா பாட்டி?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "எப்டிம்மா கண்டுபுட்ச? ஆத்தோரம்தான் இருந்தோம். லாரில ஏத்திக்கினு வந்து போட்டாங்கோ. வூடு மாறுனா கை மாறுமா?" என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, "பாப்பா கபடி ஆட வந்துச்சா? நல்லா துன்னணும். இன்னும் ரெண்டு வெச்சிக்க" என்று கேட்காமலே தட்டில் போட்டார்.

பூங்காவில் ஒரு பக்கம் ஊஞ்சல், இன்னொரு பக்கம் பெண் பிள்ளைகள் கூட்டம். மழை ஈரத்தில் மண் இறுகியிருந்தது. ஒரு சின்னப் பெண் கோட்டுக்கு அப்பால் போய் நான்கு பேரைச் சீண்டிவிட்டு, பின்காலால் கோட்டைத் தொட்டு மல்லாந்தாள். எழுந்தபோது முழங்கையில் ரத்தம். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பெண்கள் கபடி ஆடுகளத்தின் அளவு பன்னிரண்டு மீட்டருக்கு எட்டு மீட்டர். ஆண்களுக்குப் பதின்மூன்றுக்குப் பத்து. பன்னிரண்டை எட்டால் பெருக்கினால் தொண்ணூற்றாறு சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆயிரத்து முப்பது சதுர அடி. ஆதம்பாக்கத்தில் எங்கள் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டின் அளவு அது. இந்த ஊரிலோ ஐந்து வீட்டின் அளவு. அவ்வளவு இடத்தில் பதினான்கு பேர் ஆடலாம். மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், வலை வேண்டாம். அரை மணி நேரம் நின்று பார்த்ததில், இங்கே கபடி ஏன் வளர்ந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை மாடியில் இருந்தது. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு அம்மா கீழே பார்த்துக் கத்தினார். "ஏய், மணி ஏழாச்சு, அண்ணன் வந்துட்டான், தண்ணி புடிக்கணும்." "இதோ வரம்மா, ஒரு ரெய்டு." அம்மாவின் கண் எட்டும் தூரத்தில் மைதானம். பாத்ரூம் போக வேண்டுமென்றால் வீடு இரண்டு நிமிஷம். இருட்டினால் பயமில்லை. சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்றாக மூன்று கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் கட்டுவது என்று அரசு திட்டம் போட்டிருக்கிறது, கட்டட்டும். ஆனால் பதிமூன்று வயதுப் பெண் பிள்ளைக்குத் தொகுதி என்பது ரொம்பப் பெரிய தூரம். அவளுக்குத் தேவை அம்மா பார்க்கும் தூரத்தில் ஆயிரத்து முப்பது சதுர அடி.

அதற்கு மேல் போகத்தான் பணம் வேண்டும். சர்வதேசப் போட்டி மண்ணில் நடப்பதில்லை, விரிப்பில் நடக்கிறது. விரிப்பில் வெறுங்கால் செல்லாது, ஷூ வேண்டும். மண்ணில் சறுக்கிப் பழகிய கால் விரிப்பில் பிடித்துக்கொள்ளும், முழங்கால் திருகும். மண்ணிலிருந்து விரிப்புக்குப் போகும் அந்த இடத்தில்தான் ஏழைப் பிள்ளைகள் உதிர்கிறார்கள். வென்று வந்த கார்த்திகாவுக்கு அரசு 25 லட்சம் கொடுத்தது. சரியான மரியாதைதான். நமக்கு வென்றவளுக்குக் கொடுக்கத் தெரிகிறது. வெல்வதற்கு முந்தின ஆறு வருஷத்துக்குக் கொடுப்பதில்தான் கை சுருங்குகிறது.

ஓய்வில் உட்கார்ந்த பெண்ணிடம் தங்கை மகள் பேச்சுக் கொடுத்தாள். பதினாறு வயதிருக்கும்.

"அக்கா, உங்க வீட்ல திட்டலையா?"

"மொதல்ல ஷார்ட்ஸுக்குத் திட்டுவாங்க. அப்புறம் அடிபட்டா திட்டுவாங்க. கப்பு எடுத்தாந்தா டிவி மேல வெச்சுக்குவாங்க." சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, முன்னாடி எங்க அண்ணன் இன்டர்வியூக்குப் போவும்போது அட்ரஸ துரைப்பாக்கம்னு போடுவான். கண்ணகி நகர்னு போட்டா கூப்ட மாட்டாங்க. இப்ப நாங்க வெளியூர் மேட்சுக்குப் போனா, கார்த்திகா ஊராம்மான்னு கேக்குறாங்க."

ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990-இல் நுழைந்தது. பெண்கள் கபடிக்கு இருபது வருஷம் கழித்து, 2010-இல்தான் கதவு திறந்தது. ஆண்களுக்கு புரோ கபடி 2014 முதல் நடக்கிறது. பெண்களுக்கு 2016-இல் அவர்களே மூன்று அணிகளை வைத்து ஒரு கண்காட்சித் தொடர் நடத்தினார்கள். அதோடு சரி. இதை அந்தப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியும்.

மாமல்லபுரம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளியது. மாமல்லபுரத்தில் கமலி மூர்த்தியைத் தெரியாதவர்கள் இல்லை. அலைச்சறுக்கு, ஸ்கேட்போர்டு இரண்டிலும் பெயர் வாங்கியவர். சிறுமியாக அவர் ஸ்கேட்போர்டு ஓட்டியதையும், தனியாக அவரை வளர்த்த அம்மாவையும் பற்றி எடுத்த 'கமலி' என்ற குறும்படம் 2020-இல் பாஃப்டா விருதின் இறுதிப் பட்டியல் வரை போனது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே இங்குதான் நடந்தது.

கடலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, கேட்டும் இல்லை. ஆனால் சறுக்குப் பலகைக்கு விலை உண்டு, ஈர உடையோடு கரையேறும் பெண்ணை முறைக்கும் கண்களும் உண்டு. மீன் வறுக்கும் அக்கா ஒருத்தி சொன்னார். "எம்மா, நம்ம பொண்ணுங்க அலையில பொறந்ததுங்க. ஆனா வயசுக்கு வந்தா கடல்ல கால் வெக்க வுட மாட்டோம். வெள்ளக்காரி குளிச்சா வேடிக்க பாப்போம்." வஞ்சிர மீன் துண்டோடு அந்த வாக்கியத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

கடலூர்

மஞ்சக்குப்பத்தில் அண்ணா விளையாட்டரங்கம். காலை ஆறு மணிக்குக் கால்பந்து ஆடும் பெண்கள். என்னோடு வந்தவள் வாயைப் பிளந்து நின்றாள். மைதானத்தின் நடுவில் பெண்கள், ஓரத்தில் ஆண்கள் வாக்கிங். ஆதம்பாக்கத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது.

இது ஒரு நாளில் வந்ததல்ல. 2004 சுனாமி இந்தக் கரையைப் புரட்டிப் போட்டது. அதற்குப் பின் வந்த வருஷங்களில்தான் கடலூரில் பெண்கள் கால்பந்து வேர் பிடித்தது. அலையில் குடும்பத்தை இழந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இந்த ஊர் மண்ணில் பந்து உதைத்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை, காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018-இல் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் இறுதிப் போட்டியில், கோப்பையைச் சொத்து மாதிரி வைத்திருந்த மணிப்பூரை 2-1 என்று தமிழ்நாட்டுப் பெண்கள் தோற்கடித்தார்கள். கோப்பை நமக்கு வந்தது அதுதான் முதல் முறை. அடுத்த ஆண்டு மதுரையின் சேது அணி இந்தியன் விமன்ஸ் லீக்கை வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வீழ்த்தி மறுபடியும் தேசியக் கோப்பை. நம் செய்தித்தாள்களில் அது எத்தனாவது பக்கத்தில் வந்தது என்று எனக்கு நினைவில்லை. முதல் பக்கம் இல்லை.

பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பயிற்சியாளரம்மா எங்களுக்காக நேரம் ஒதுக்கினார். பெற்றோரை எப்படிச் சம்மதிக்க வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வெளையாட்டு, பெருமை, நாடுன்னெல்லாம் பேச மாட்டேன் மேடம். அரசு வேலையில மூணு சதவீதம் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்குன்னு சொல்லுவேன். போலீஸ் ட்ரெஸ்ல இந்துமதி போட்டோவக் காட்டுவேன். அப்பாங்க அமைதியாய்டுவாங்க." சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார். "ஒரு பொண்ணு மட்டும் கிரவுண்டுக்கு வந்தா எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க. நாலு பேர் வந்தா கிண்டல் பண்ணுவாங்க. டீமா வந்தா ஒதுங்கி எடம் விடுவாங்க. அதனால தனியா யாரையும் வர விட மாட்டேன்."

இதையே உலகம் வேறு விதங்களில் கண்டுபிடித்திருக்கிறது. ஆஸ்திரியாவின் வியன்னாவில் 1990-களின் பிற்பாதியில் பூங்காக்களை ஆராய்ந்தவர்கள், பெண் பிள்ளைகள் பத்து வயதை ஒட்டிக் காணாமல் போவதைப் பார்த்தார்கள். யாரும் துரத்தவில்லை. ஒரே பெரிய வெளியாக இருந்தால் அது பையன்கள் கைக்குப் போய்விடுகிறது. இடத்தைப் பிரித்து, கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் தனி மூலை கொடுத்ததும் பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அமெரிக்காவில் 1972-இல் வந்த 'டைட்டில் நைன்' வெறும் முப்பத்தேழு சொல்லில் எழுதிய சட்டம். அரசுப் பணம் வாங்கும் கல்வித் திட்டத்தில் பாலின பேதம் கூடாது, அவ்வளவுதான். அதற்கு முன் அங்கே உயர்நிலைப் பள்ளி அணிகளில் இருந்த பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். நமக்கும் 2025-இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. சம்மேளனங்களின் செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. நாற்காலிக்குச் சட்டம் வந்துவிட்டது. மண்ணுக்கு இன்னும் வரவில்லை.

வளைகாப்பு வீடு பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில். முந்திரித் தோப்பு நடுவே பந்தல், ஏழு வகைச் சாதம், புளியோதரையில் கடலைக்குப் பதில் முந்திரி. சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெண் பிள்ளைகள் என்னை ஊராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் அரசு கொடுத்த விளையாட்டுப் பெட்டகம் இந்த ஊருக்கும் வந்திருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கைப்பந்து பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருந்தது, இறகுப்பந்து மட்டைகளும் அப்படியே. கிரிக்கெட் மட்டையை மட்டும் காணோம், அது வெளியே போயிருந்தது.

"கேட்டு வாங்க வேண்டியதுதானே?" என்றேன்.

"சாவி அண்ணனுங்க கிட்ட இருக்கு அத்தை."

ஆதம்பாக்கம்

திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம் தங்கை மகளோடு எங்கள் திடலுக்குப் போனேன். விளக்கின் கீழே நின்று கிரிக்கெட் பையன்களிடம் பேசினோம். எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான், பாதிப் பேரின் அம்மாக்கள் என்னோடு ஓரத்தில் நடக்கிறவர்கள். "ஆன்ட்டி, நீங்க எப்ப வேணா ஆடுங்க, நாங்க வேணாம்னா சொன்னோம்?" என்றார்கள். எப்ப வேணா என்பது பதினேழு வருஷமாக இருக்கிற நேரம்தான். எனக்குச் சனிக்கிழமை காலை ஆறரையிலிருந்து எட்டு வேண்டும் என்றேன். தலையைச் சொறிந்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், கேட்டுப் பக்கம் இன்னொரு விளக்கு, இந்த நேரத்தைப் பலகையில் எழுதி வைப்பது என்று மூன்றே வரியில் ஒரு மனுவும் கொடுத்திருக்கிறேன்.

முதல் சனிக்கிழமை அளவு நாடாவோடு போனோம். சுண்ணாம்புத் தூள் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து கோலமாவு டப்பாவை எடுத்து வந்தேன். பன்னிரண்டுக்கு எட்டு, நடுக்கோடு, தொடு கோடு, போனஸ் கோடு. குனிந்து நிமிராமல் இழுத்தேன். கை பழக்கம், ஒரு கோடும் வளையவில்லை. தங்கை மகள், அவள் வகுப்புத் தோழிகள் இருவர், இஸ்திரி வண்டிக்காரரின் மகள், மாடி வீட்டுப் பிள்ளை என்று ஐந்து பேர் உள்ளே இறங்கினார்கள்.

ஒரு அணிக்கு ஏழு பேர் வேண்டும். இன்னும் இரண்டு பேர் குறைகிறது. ஆதம்பாக்கம், நங்கநல்லூர், வேளச்சேரிப் பக்கம் பத்திலிருந்து பதினாறு வயதுக்குள் பெண் பிள்ளை உள்ளவர்கள் சனிக்கிழமை காலை ஆறரைக்கு அனுப்பி வையுங்கள். ஷூ வேண்டாம், கட்டணம் இல்லை. தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்து விடுங்கள்.